பேருந்து நிற்கும் பக்கத்து அறை

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, உடன் பணிபுரியும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, அம்மாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே! தலைமையாசிரியர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். எந்த முகத்தோடு பேசுவேன்?

நம் அறிவியல் ஆசிரியையைப் பிள்ளைகள் 'பெட்டி டீச்சர்' என்றுதான் அழைத்தார்கள். பழைய காலணிப் பெட்டிகளில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிறு தராசு, மண்புழு போட்ட பாட்டில், வெள்ளைத் துணித் துண்டுகள். சுற்றுச்சூழல் பாடத்துக்கு அவர் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. மதிய உணவில் மிஞ்சியதைப் பிள்ளைகள் எடை போடுவார்கள். ஒருநாள் என்னிடமே வந்து, "சார், இன்னிக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் உங்க தட்டுக்குத்தான்" என்றார். பள்ளியே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு வகுப்புச் சன்னலிலும் பிள்ளைகள் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தபோது, பேருந்துகள் நிற்கும் பக்கத்துத் துணி மட்டும் அடுப்படிக் கரித்துணிபோல் கறுத்திருந்தது. அது யாருடைய அறை? ஒன்றாம் வகுப்புப் பிஞ்சுகளின் அறை! ஒரு சிறுமி உள்ளே உட்கார்ந்து இருமல்களை எண்ணினாள். ஒரே காலையில் நாற்பத்தொன்று.

அந்தத் துணியோடு டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"சார், பஸ்ஸை எல்லாம் பின்வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க. இல்லைன்னா இன்ஜினையாவது ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

"பேரன்ட்ஸ் சுத்திக்கிட்டு வரணுமேம்மா. தாளாளர்கிட்ட பேசிப் பார்க்கலாம்."

"எப்போ சார்?"

பார்க்கலாம் என்றேன். மறுவாரம் ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தபோது, பிள்ளைகள் அந்தத் துணிகளை ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்த அட்டையை நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஆம், நானே!

அவர் சண்டை போடவில்லை. தம் அறிவியல் ஆய்வகத்தைச் சின்னவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தாம் அந்த அறைக்குப் போனார். பெரிய பிள்ளைகளுக்கு வராந்தாவில் பாடம் நடத்தினார். விடைத்தாள் திருத்த, பெட்டிகள் செய்ய அந்த அறையில் தனியாக உட்கார்ந்தார். கேட்டதற்கு, "எனக்கு ஆயுசு பாதி முடிஞ்சுது சார், அதுங்களுக்கு இப்பத்தானே ஆரம்பம்" என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை நுரையீரல் நோய் அவரைக் கொண்டுபோயிற்று. மருத்துவமனை வாசலில் மகள் என்னைக் கேட்டாள்: "அந்த ரூம்தான் காரணமா சார்?" மருத்துவர், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இன்றும் எனக்குத் தெரியவில்லையம்மா. தெரியவில்லை என்பதே என்னைத் தூங்கவிடவில்லை.

தாளாளர் அவர்களே, இதற்கு அனுமதி கேட்கவில்லை, அறிவிக்கிறேன்: நாளை முதல் பேருந்துகள் பின்வாசலில் நிற்கும். ஓட்டுநர்கள் நேற்றே சம்மதித்துவிட்டார்கள். "எங்ககிட்ட யாருமே கேக்கலையே சார்" என்றார் ஒருவர். ஒவ்வொரு வகுப்பிலும் டீச்சர் செய்த பெட்டி ஒன்று இருக்கும். அதைக் கையாள ஆசிரியர்கள் பழகுவார்கள், முதல் ஆளாக நான். பிள்ளைகள் எதை அளந்தாலும், அது நமக்கே தலைகுனிவாக இருந்தாலும், சுவரில் ஒட்டப்படும்.

கைதட்டாதீர்கள், வேண்டாம். ஓட்டுநர்களிடம் பேச எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று.