ரெண்டாம் நம்பர் சாவி

– ரெண்டு சாவியும் வேணும் தங்கச்சி. ஒன்ன மட்டும் நீட்டினா நான் என்ன பண்றது?

– ஒன்னுதான் என்கிட்ட இருக்கு. அத வெச்சுப் பண்ண முடியாதா அண்ணே?

– பண்ணலாம். அப்புறம் இன்னொரு சாவிய மறந்துட வேண்டியதுதான்.

– புரியற மாதிரி சொல்லுங்க.

– கேளுங்க. இந்தத் தகரப் பெட்டி இருக்கே, இதுதான் வண்டிக்கு மூளை. எப்ப பெட்ரோல் விடணும், எப்ப பொறி அடிக்கணும், எல்லாம் இது சொன்னாத்தான் நடக்கும். உங்க வண்டிப் பெட்டி மண்டையப் போட்டுடுச்சு. அதான் பாலத்து மேல மூணு தடவ நின்னு உங்களக் கெஞ்ச வெச்சுது. புதுசு மாட்டணும். ஆனா புதுப் பெட்டிக்கு எந்தச் சாவியையும் தெரியாது. பக்கத்துல உக்காந்து, இதப் பாரு, இது நம்ம சாவின்னு ஒவ்வொன்னா அறிமுகப்படுத்தணும். அந்த நேரத்துல அங்க இல்லாத சாவிய அது வீட்டு ஆளாவே சேர்த்துக்காது.

– சேர்த்துக்காதுன்னா?

– கதவு திறக்கும். உள்ள போய் உக்காரலாம், கண்ணாடியில தலை வாரலாம். இன்ஜின் மட்டும் ஓடாது. அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?

– வண்டிக்காரர்கிட்ட.

– அப்ப நீங்க யாரு?

– வண்டிக்காரரோட பொண்ணு. இப்படி முறைக்காதீங்க அண்ணே, நான் ஒன்னும் திருடிட்டு வரல. இந்தாங்க, ஆஸ்பத்திரியில குடுத்த கார்டு. லேப்ல ரத்தம் எடுக்கற வேலை. இதுல இருக்கிற அப்பா பேரும் ஆர்சி புக்குல இருக்கிற பேரும் ஒன்னான்னு பார்த்துக்குங்க.

– முறைக்கல. என் மூஞ்சியே அப்படித்தான், வீட்ல தினம் வாங்கிக் கட்டிக்கறேன். அப்பாவுக்கு ஒரு போன் அடிங்க, சாவியோட வரச் சொல்லுங்க, தீர்ந்துது.

– அவருக்குத் தெரியாது.

– என்ன தெரியாது?

– வண்டிய நான் எடுக்கறது.

– இன்னிக்கு எடுத்ததா?

– எந்த செவ்வாய்க்கிழமை எடுத்ததும். ரெண்டு வருஷமா.

– தங்கச்சி, கொஞ்சம் இருங்க. கையத் தொடச்சுட்டு வரேன். இத நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது போல இருக்கே. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ம். இப்பச் சொல்லுங்க.

– சொல்றதுக்குப் பெருசா ஒன்னும் இல்ல. எனக்கு செவ்வாய்க்கிழமை லீவு. அப்பாவுக்கு அச்சாபீஸ்ல வேலை, காகிதம் வெட்டற மெஷின். அந்தத் தெருவுல செவ்வாய்க்கிழமை சந்தை போடுவாங்க, வண்டி நிறுத்த எடம் கெடைக்காது. அன்னிக்கு மட்டும் பஸ்ல போவார். வண்டி வீட்டுக்குக் கீழயே நிக்கும். நான் போய் எடுப்பேன். காத்து பார்ப்பேன், ஆயில் பார்ப்பேன், கண்ணாடித் தண்ணி ஊத்துவேன், ஒரு சுத்து ஓட்டிட்டு அதே எடத்துல விட்டுடுவேன். அவர் அஞ்சு மணிக்கு வர்றதுக்குள்ள நான் ஹாஸ்டல் ரூமுக்குப் போயிருப்பேன்.

– கீழ யாரும் பார்க்க மாட்டாங்களா?

– வாட்ச்மேன் இருக்கார். என்னப் பார்த்தா பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்குவார். ஒரு நாள் தலைகீழா வெச்சுப் படிச்சார்.

– நல்ல மனுஷன். சரி, அப்பாவோட பேச்சு வார்த்தை இல்லையா?

– மூணு வருஷம் ஆச்சு.

– மனசுல இருந்தா சொல்லுங்க, இல்லன்னா விட்டுடுங்க.

– கட்டிக்குடுத்த எடத்துலேருந்து வந்துட்டேன். இருக்க முடியல, வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு அப்பா என் பெட்டியெல்லாம் தூக்கி இந்த வண்டி டிக்கியில வெச்சு, என்னப் பக்கத்துல உக்கார வெச்சு, திரும்பவும் அங்கயே கொண்டு விடக் கெளம்பினார். பொறுத்துப் போ பாப்பா, உனக்கு இங்க எடம் இல்லன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தார். ஒரு சிக்னல்ல வண்டி நின்னுது. கதவத் திறந்து இறங்கி நடந்துட்டேன்.

– சிக்னல்லயா?

– ஆமா. பின்னால ஹாரன் அடிக்கறாங்க. அவர் பாப்பா பாப்பான்னு கூப்பிடறது கேக்குது. நான் திரும்பவே இல்ல. அன்னிக்கு என் கைப்பையில இந்தச் சாவி இருந்துச்சு. அவ்வளவுதான் என்கிட்ட மிஞ்சினது.

– அப்புறம் எதுக்கு வண்டியப் பார்க்க வந்தீங்க?

– சர்டிபிகேட் எல்லாம் டிக்கியில இருந்த பெட்டியில. வேலைக்குக் கேட்டாங்க. அவர் இல்லாத நேரமாப் பார்த்து வந்தேன். பெட்டி அப்படியே இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். திரும்பும்போது பார்த்தா முன் டயர்ல காத்தே இல்ல. இதோட ஓட்டினா மனுஷன் எங்கயாவது போய் முட்டிக்குவாரேன்னு பயம். அவருக்கு மெஷின் தெரியும், வண்டி தெரியாது. சத்தம் வந்தா ரேடியோவக் கூட்டி வெச்சுக்குவார். பாசம் எல்லாம் இல்ல அண்ணே. சும்மா ஒரு பயம்.

– சரி, சரி. பயம்னே வெச்சுக்குவோம். ஆனா ஒன்னு கேளுங்க. இந்த வண்டிய யாரும் ஓட்டறதில்ல.

– என்ன?

– ஓடற வண்டி மாதிரி தெரியல. அந்தத் தகரப் பெட்டியத் திறந்து பார்த்தேன், ஒயர் மாட்டற ஊசியெல்லாம் பச்சை பூத்திருக்கு. ஓடற வண்டின்னா இன்ஜின் சூட்டுல ஈரம் காஞ்சுடும். நிக்கிற வண்டியிலதான் இப்படி உள்ளயே தங்கி அரிக்கும். டயர் ஒரு பக்கமா அழுந்தியிருக்கு. பிரேக் தட்டுல துரு.

– தினமும் ஓடுது அண்ணே. அச்சாபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

– நீங்க பார்த்தீங்களா?

– பார்க்கணுமா? மனுஷன் முப்பது வருஷமா அதே வேலைக்குப் போறார். வண்டியில தூசி நிக்கறதில்ல. பெட்ரோல் எப்பவும் இருக்கு.

– ஓட்டலன்னா பெட்ரோல் எங்க போகும் தங்கச்சி?

– உங்களுக்கு எல்லாம் தெரியுமா? நீங்க பெட்டியப் பாருங்க, எங்க வீட்டப் பார்க்க வேண்டாம்.

– அதுவும் நியாயம்தான்.

– மன்னிச்சுக்குங்க. காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கல.

– அந்தப் பாட்டில்ல இருக்கு, குடிங்க. இந்த ஷெட்ல என்கிட்ட கோச்சுக்கக்கூட ஆள் கெடையாது. நாள் பூரா வண்டிகளோடதான் பேச்சு, அதுங்க பதிலும் சொல்லாது. சரி, முடிவுக்கு வாங்க. மணி ரெண்டாச்சு.

– பெட்டி மாத்தாம அப்படியே கொண்டுபோய் நிறுத்திட்டா?

– நாளைக்கு லாரிக்கு முன்னால போய் நிக்கும். நான் அந்தப் பாவத்துக்கு ஆளில்ல.

– மாத்திட்டா?

– காலையில அப்பா வந்து சாவியப் போட்டுத் திருகுவார். உறுமும், அணையும். உறுமும், அணையும்.

– வேலைக்கு நேரமாகும். கீழ நின்னு தவிப்பார். அப்புறம் மெக்கானிக்கக் கூப்பிட்டா, உங்க சாவிய யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லிடுவான். யாருன்னு அவருக்குத் தெரியும். அன்னிக்கு எடம் இல்லன்னு சொன்னேனே, இன்னிக்கு அவ என் வண்டியிலயே எனக்கு எடம் இல்லாமப் பண்ணிட்டான்னு நினைப்பார். பழி வாங்கினேன்னு நினைப்பார் அண்ணே.

– புதுசா ஒரு சாவி வெட்டி வாட்ச்மேன்கிட்டக் குடுத்துடலாம். வெட்டி வர ரெண்டு நாள் ஆகும்.

– வண்டி இல்லன்னா இன்னிக்கே தெரிஞ்சுடும்.

– அப்ப போன்தான். நம்பர் இருக்குல்ல?

– இருக்கு. மூணு வருஷமா அழிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. என்னன்னு ஆரம்பிக்கறது? அப்பா நான்தான்னா?

– யோசிச்சு வைங்க. அதுக்குள்ள நான் பழைய பெட்டியில இருக்கிறத எல்லாம் கம்ப்யூட்டர்ல இறக்கிக்கறேன். கழட்டறதுக்கு முன்னால எடுத்தாத்தான் உண்டு. ம்… ஓடின கிலோமீட்டர் இருக்கு… வண்டி நம்பர் இருக்கு… சாவி ரெண்டு… தங்கச்சி.

– சொல்லுங்க.

– இங்க வந்து பாருங்க. இந்த வண்டியில, கடைசியா நூறு தடவ எந்தச் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணாங்கன்னு பெட்டி எழுதி வெச்சுக்கும். உங்க கையில இருக்கிறது ரெண்டாம் நம்பர்.

– சரி.

– ரெண்டாம் நம்பர், ரெண்டாம் நம்பர், ரெண்டாம் நம்பர். கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க.

– ஒன்னு எங்க?

– ஒன்னு இல்ல. நூறும் நீங்கதான்.

– நான் வாரத்துக்கு ரெண்டு தடவதான் ஸ்டார்ட் பண்ணுவேன். எடுக்கறப்ப ஒன்னு, காத்தடிச்சுட்டு ஒன்னு.

– அப்ப கணக்குப் போட்டுக்குங்க. ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆகுது. உங்கப்பா இந்த வண்டிய ஒரு தடவகூட எடுக்கல.

– பெட்டி கெட்டுப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கெட்டது தப்பாத்தான் எழுதும்.

– கெட்டது எழுதாம விடும். ஆனா ஒரு சாவிய மட்டும் பார்த்து விடாது.

– அவர் இல்லையா அண்ணே? அவருக்கு ஏதாவது… நான் வந்து வந்து டயரத் தொட்டுப் பார்த்துட்டுப் போயிருக்கேன், மாடி ஏறிப் பார்க்கலயே. மூணு மாடிதான் அண்ணே.

– மொதல்ல போன் அடிங்க. இப்படிக் குடுங்க, நான் அழுத்தறேன். ஸ்பீக்கர்ல போடறேன்.

– வேண்டாம், இருங்க, நான் இன்னும்…

– பாப்பா? வண்டி எங்கயாவது நின்னுடுச்சா?

– அப்பா.

– அடி ஒன்னும் படலியே? பன்னண்டரைக்கெல்லாம் கொண்டுவந்து விட்டுடுவியே. ரெண்டு மணி ஆயிடுச்சு, ரெண்டே கால் ஆயிடுச்சு, ஜன்னல்லயே நிக்கறேன். எனக்கு உன் நம்பரும் தெரியாது.

– நீங்க வேலைக்குப் போகலியா?

– அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு. கை நடுங்குது பாப்பா. வெட்டற மெஷின் பக்கம் நிக்காதேன்னு அனுப்பிட்டாங்க. வண்டியும் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். காலையில கீழ போய்த் தொடச்சு மட்டும் வெப்பேன். துணி பிடிக்கக் கை வருது.

– ஏன்ப்பா எனக்குச் சொல்லல?

– எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? எடம் இல்லன்னு சொன்ன வாய்தானே இது.

– அப்பா, வண்டியில புதுப் பெட்டி மாட்டணுமாம். உங்க சாவியும் இங்க இருந்தாத்தான் அது வேலை செய்யும். நான் வந்து வாங்கிக்கட்டுமா?

– எனக்கெதுக்குச் சாவி? உன்னோடது ஓடினாப் போதும். மெக்கானிக் தம்பிகிட்டச் சொல்லு, என்னோடத அழிச்சுடச் சொல்லு.

– ஓட்டவே முடியாதுன்னு தெரிஞ்சப்பவே வித்திருக்கலாமே. எதுக்குப்பா சும்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க?

– விக்கத்தான் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தேன் பாப்பா. அன்னிக்கு செவ்வாய்க்கிழமைங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல. வண்டியக் காட்டலாம்னு ஜன்னலத் திறந்தா, கீழ நீ முழங்கால் போட்டு உக்காந்து டயரக் கையால அமுக்கிப் பார்த்துட்டிருந்தே. வந்தவர்கிட்ட, இது என் வண்டி இல்லீங்க, என் பொண்ணோடதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.