ஒரே ஒரு கணினிக்கு விதிவிலக்கு

மேடையில் வீற்றிருக்கும் துணை இயக்குநர் அவர்களே, மருத்துவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியாரே, மகளே, இந்த மருத்துவமனையின் ஊழியத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். சத்தம் போதவில்லை என்றால் சொல்லுங்கள். கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கு மைக் பழக்கமில்லை.

நம் கணினிப் பிரிவுத் தலைவர் மறைந்துவிட்டார். நீங்கள் வைத்த பெயரிலேயே சொல்கிறேனே, பூட்டுக்காரர் மறைந்துவிட்டார்! அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். வீட்டுத் தொலைக்காட்சிக்கும் பாஸ்வேர்டு போட்டு, அதைத் தாமே மறந்துபோனவர் என்று முன்வரிசையில் இருக்கும் அம்மா சற்றுமுன் சொன்னார்.

ஏன் அந்தப் பெயர்? எல்லாக் கணினியிலும் ஒரே பிரவுசர்தான் என்று விதி போட்டவர் அவர். யாரோ எங்கிருந்தோ இறக்கிய பிரவுசரோடு வைரஸ் வந்து, ஆய்வுக்கூட முடிவுகள் முடங்கி, நோயாளிகள் வராந்தாவில் காத்துக் கிடந்ததை நாம் மறந்திருப்போம். அவர் மறந்தாரா? "வாசலை நாலா பக்கமும் வச்சா, காவலுக்கு யாரைப் போடுறது?" என்பார். தலைமை மருத்துவரே தமக்குப் பழகிய பிரவுசரைக் கேட்டார். "உங்க ஸ்டெதஸ்கோப் உங்க இஷ்டம் சார். கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரியோடது" என்றார் ஐயா. ஆளுக்கொரு நியாயம் அவரிடம் கிடையாது.

அப்படிப்பட்டவர் முன்னால் முன்பதிவுப் பிரிவு அக்கா வந்து நின்றார். அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவர் காதில் படித்துச் சொல்லும். அதை வைத்தே நமக்கெல்லாம் முன்பாக வேலையை முடிப்பார். விதி வந்த அன்று, புதிய பிரவுசரை அந்த மென்பொருளால் சரியாகப் படிக்க முடியாமல், அவர் வேலை நின்றது.

"சார், இந்த பிரவுசர்ல ஒண்ணும் ஓடல. பழசையே கொடுத்துடுங்க."

"உனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா. பழகினா சரியாயிடும்."

"பழகி சரியாகறதா இருந்தா என் கண்ணே சரியாயிருக்கணுமே சார்!"

மறுநாள் காலை ஐயா அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார். திரையை அணைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாமே முன்பதிவு செய்யத் தொடங்கினார். காதில் என்ன கேட்டது தெரியுமா? "பட்டன். பட்டன். பட்டன்." எதற்கான பட்டன் என்று அது சொல்லவே இல்லை. பல்வலி என்று போன் செய்த ஒரு தாத்தாவைப் பிரசவப் பிரிவில் பதிந்துவிட்டார்! அங்கிருந்து நர்ஸ் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"சார், தாத்தாவுக்கு சுகப்பிரசவம் ஆகட்டும்!" என்று அக்கா சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அவரும் சிரித்தார். ஆனால் மதியம்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

விதியை அவர் எடுத்துவிடவில்லை. அக்காவின் கணினியில் மட்டும் பழைய பிரவுசர் இருக்கலாம் என்று, தாம் போட்ட விதிக்குத் தாமே ஒரு விதிவிலக்கு எழுதி, எது நடந்தாலும் தாமே பொறுப்பு என்று கையெழுத்திட்டார். அதோடு விட்டாரா? வாரா வாரம் அக்கா வருவதற்கு முன்பே அந்தப் பிரவுசரைப் புதுப்பித்து, காதில் கேட்டுச் சோதித்த பிறகே தம் அறைக்குப் போவார். விதி போட யாராலும் முடியும், தோழர்களே. அது யார் தலையில் விழுகிறது என்று போய் உட்கார்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

துணை இயக்குநர் அவர்களே, ஒன்றை இங்கேயே கேட்டுவிடுகிறேன். பொறுப்பாளர் இல்லாத விதிவிலக்கு வார முடிவில் தானாக ரத்தாகும். அதுவும் ஐயா போட்ட விதிதான். திங்கட்கிழமை அக்காவின் பிரவுசர் திறக்காது. இனி யார் பெயர் என்று எங்கள் பிரிவில் பேச்சு வந்தது. "வைரஸ் வந்தா யார் பதில் சொல்றது? நமக்கேன் வம்பு?" என்றார்கள். அந்தப் பயத்தில் தப்பில்லை. எனக்கும் அது இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் அலுவலக வேலை என்னுடையது. அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த இடத்தில் என் பெயரைப் போட அனுமதி தாருங்கள். வாரா வாரம் புதுப்பிப்பேன். எது நடந்தாலும் நானே பதில் சொல்வேன். ஐயாவுக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி இதுதான்.

நன்றி, துணை இயக்குநர் அவர்களே. மிக்க நன்றி.

அக்கா, சார் தலையாட்டிட்டாரு. திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடுங்க.