எட்டு மடங்கு போதும்

கரடி வேட்டைக்குத் தொலைநோக்கி வாங்கப்போவதாகப் போன வாரம் சொன்னீர்களே, இன்ஸ்பெக்டர் ஐயா, பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்காதீர்கள். எட்டு மடங்கு போதும்.

காரணம் எளிது. முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஐம்பத்தாறு மில்லிமீட்டரை எட்டால் வகுத்தால் ஏழு. அந்த அளவு ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வந்து சேரும். கருக்கலில் கண்மணியும் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். கரடி வருவதும் அப்போதுதான். சட்டைப்பையில் போடும் சின்னக் கருவியில் இரண்டரைகூடத் தேறாது. கரடியா மனிதனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அண்ணன் செத்த அன்று நான் உங்களிடம் ஒப்படைத்தது அந்தச் சின்னது. வேட்டைப் பரணில் என் கழுத்தில் தொங்கியது பெரியது.

எங்கள் கோச்செவ்யே காட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுடுவது விருந்தாளி, பார்த்துச் சொல்வது வழிகாட்டி. வழிகாட்டி கரடி என்றால் கரடி. மறுபடி கேட்பது அவனை அவமதிப்பது. அன்றைக்கு விருந்தாளி ருடி ஐயா. லியுப்லியானா நகரத்தில் முப்பது வருடம் பல் பிடுங்கியவர், மரியாதை தெரிந்தவர். கேட்கவில்லை.

கரடிக்குச் சோளம் கொட்டும் இடத்தில் குனிந்திருந்தது என் அண்ணன் வின்கோ. வேட்டை நாளைக்குத்தான் என்று சொல்லி நான்தான் அனுப்பியிருந்தேன். அவனுடைய கறுப்பு ஆட்டுத்தோல் கோட்டில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. அவ்வளவு நல்ல கண்ணாடி.

"கரடிதான். சுடுங்க," என்றேன்.

வின்கோ கெட்டவன் இல்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. விற்கக் கையெழுத்துப் போட மாட்டான், அவ்வளவுதான். கடற்கரையில், கோப்பரில், வீதா எனக்காகப் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறாள். பேச்செடுத்தாலே சிரிப்பான். "நீ போயிட்டா மாட்டை யாருடா பாத்துப்பா? கடலா வந்து பால் கறக்கும்?"

தவறுதலாக நடந்தது என்று நீதிமன்றம் ருடி ஐயாவைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். மாட்டைக் குளிப்பாட்டுகிறார். சாயங்காலமானால் பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறார். வேட்டைக்காரர் வழக்கப்படி "நல்ல பார்வை" என்று வாழ்த்திக் கோப்பையை உயர்த்துவார், பாதியில் அழுவார். நான் முதுகைத் தட்டிக் கொடுப்பேன்.

வீட்டை விற்றுவிட்டுக் கோப்பருக்குப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன்.

"போலாம் தம்பி," என்றார். "கடல் காத்து என் மூட்டுக்கும் நல்லது. வீதாகிட்டப் பேசிட்டேன். வாசல் ரூம் எனக்காம். உங்க அண்ணன் இடத்துல நான் கடைசி வரைக்கும் இருப்பேன்."

எழுதிக்கொள்ளுங்கள்: நான் தெளிவாகப் பார்த்துத்தான் சொன்னேன். துப்பாக்கியை நான் தொடவே இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள். பாவம், அந்த மனிதர் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்ல வந்தேன். சிறையில் என்னைப் பார்க்க அவரை மட்டும் விடாதீர்கள்.