ஒரு ஏப்ரன், ஒரு ஜோடி ஷூ

இல்லம்மா, காலிதான், உக்காருங்க. தொப்பிய எடுத்துடறேன். யாராவது வந்து உக்காந்துடக் கூடாதேன்னு போட்டு வச்சிருந்தேன். கேக்கா? எனக்கு வேண்டாம்மா, அது ஒத்துக்கறதில்ல. ஏனா? அப்புறம் சொல்றேன். டீ போதும்.

சட்டையில பேரு அட்டை குத்தியிருக்கீங்களே. பிரீடா டூஹி, கவென்ட்ரி. இங்கிலாந்துலேர்ந்து கப்பல்லயா வந்தீங்க, இந்த மழையில? கையில மோதிரம் இருக்கே, கல்யாணம் கட்டியும் பேர மாத்திக்கலையா? நல்லதுதான். விட்டுக்குடுக்கக் கூடாது.

உங்ககிட்ட மன்னிப்பு கேக்கன்னு கூட்டம் போட்டு, பிஷப்பு பேசுனதக் கேட்டீங்கல்ல. தவறுகள் நடந்துவிட்டனவாம். நடந்துடுச்சாம்மா, தன்னால, மழை பெஞ்ச மாதிரி. அப்புறம் மந்திரி எந்திரிச்சு, அரசு தன் கடமையிலிருந்து தவறிவிட்டதுன்னு படிச்சாரு. படிச்சு முடிச்சதும் வாட்சப் பாத்தாரு, நான் கவனிச்சேன். அரசுன்னா யாரு? டப்ளின்ல இருக்கற கட்டடமா? இந்த ஊர்ல அன்னிக்கு அரசுன்னா ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு சைக்கிள், ஒரு தொப்பி. அந்தத் தொப்பிக்குக் கீழ ஒரு தலை இருந்துச்சுல்ல. அதப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல.

மடத்துச் சலவைக்கூடத்துல பொண்ணுங்கள அடைச்சு வச்சு வேல வாங்கினாங்களே, அதுல இருந்தவங்க நீங்க, உள்ள நடந்தத நான் உங்களுக்குச் சொல்லணுமா. ஆனா வெளிய இருந்தவங்களுக்கு எல்லாம் தெரியும்மா. தெரியாதுன்னு சொல்றவன் பொய் சொல்றான். ஓட்டல் விரிப்பு, டாக்டர் வீட்டு மேசைத்துணி, ஸ்டேஷன் போர்வை, எல்லாம் திங்கக்கிழமை அழுக்காப் போகும், வெள்ளிக்கிழமை வெள்ளையா வரும். யாரு வெளுத்தாங்கன்னு நாங்க யாரும் கேட்டதில்ல.

ஓடி வந்த பொண்ணுங்கள எதச் சொல்லிப் பிடிப்பாங்க தெரியுமா? ஓடறது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஆனா மடத்து ஏப்ரனப் போட்டுக்கிட்டு ஓடினா, அது திருட்டு. மடத்துச் சொத்தாம். பின்ன, அம்மணமாவா ஓட முடியும்? இல்லம்மா, சிரிக்கற விஷயமில்லதான்.

அறுபத்தி நாலு, பிப்ரவரி மாசம். ஒரு பொண்ணு, பதினேழு வயசு இருக்கும். எங்கயும் போய் ஒளியல பாருங்க, நேரா ஸ்டேஷனுக்கே வந்துச்சு. லிமரிக் பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுச்சு. போலீஸ்னா உதவி பண்ணுவாங்கன்னு நம்பியிருக்கு. ஸ்டேஷன்ல இருந்தவன் இருபத்தி நாலு வயசுப் பய. ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவன். அடிக்கல, அதட்டல. அடுப்புப் பக்கத்துல உக்கார வச்சு ரொட்டியில வெண்ணெ தடவிக் குடுத்தான். பேரக் கேட்டான். உள்ள சிஸ்டருங்க வச்ச பேரச் சொல்லல, சொந்தப் பேரச் சொல்லுச்சு. சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு, கூப்பிட ஆளில்லாமக் கெடந்த பேராச்சே.

வா, பஸ் ஏத்தி விடறேன்னான். அதுவும் பின்னாடியே நடந்துச்சு. பஸ்ஸுக்குப் போகணும்னா சர்ச்சு முக்குல வலது பக்கம் திரும்பணும். அவன் இடது பக்கம் திரும்பினான். அந்தப் பொண்ணும் கூடவே திரும்புச்சு. குறுக்கு வழியா இருக்கும்னு நெனச்சிருக்கும்.

ரிப்போர்ட்டுல என்ன எழுதினான்னா, ஒரு ஏப்ரன், ஒரு ஜோடி ஷூ, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வளவுதான். பொண்ணு பேரு காகிதத்துல ஏறல. மனசுல ஏறிடுச்சு, இன்னிவரைக்கும் எறங்கல.

சார்ஜென்ட் உத்தரவா? அப்படி இருந்தாத்தான் பரவால்லையே. சார்ஜென்ட் அன்னிக்கு லீவு. பிஷப்பும் வந்து சொல்லல, மந்திரியும் வந்து சொல்லல. அவனாத்தான் செஞ்சான். சரியாச் செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டு வேற செஞ்சான். வெக்கமா இருக்கும்மா.

யாரு அவனா? டீ ஆறுது பாருங்க, குடிங்க.

கேக்கு ஏன் ஒத்துக்கலைன்னு கேட்டீங்களே. மடத்துத் தலைவி மதர் கதவத் தெறந்து பொண்ண உள்ள அனுப்பிட்டு, என்னை முன்னறையில உக்கார வச்சாங்க. நல்ல தட்டுல, இதே மாதிரி திராட்சை கேக்கு. உள்ள நீங்க அழுதது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு துண்டு தின்னேம்மா. மூணாவதக் காகிதத்துல சுத்திக் குடுத்தாங்க. அதையும் வாங்கிட்டுத்தான் வந்தேன்.