விலகுகிறேன்

கதவைச் சாத்திவிட்டே விசாரிக்கலாம். மூடிய அறை என்றால் எனக்கு ஒன்றும் ஆகாது, அக்காவுக்குத்தான் ஆகாது. லிஃப்ட் பக்கமே போகமாட்டாள். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தும், அந்தக் குழாய்க்குள் படுக்கமாட்டேன் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பயத்துக்குத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிகிச்சை கண்டுபிடித்தோம். மெய்நிகர் கருவியைக் கண்ணில் மாட்டினால், நோயாளிக்கு ஒரு லிஃப்டுக்குள் நிற்பதுபோலவே தெரியும். சுவர்கள் மெல்ல நெருங்கி வரும். பொறுத்து நின்றால் பயம் தானாக அடங்கும் என்பது கணக்கு. அது பலிக்கிறதா என்று ஆட்களை வைத்துப் பார்க்கும் சோதனையை வடிவமைத்தவன் நான். பயத்தில் பிய்த்து எறியக் கூடாதே என்று கருவிக்குப் பின்னால் பூட்டு வைத்ததும் நான்தான்.

முதல் சோதனை ஊற்றிக்கொண்டது. "போதும்" என்றால் பூட்டு திறக்கும்படி வைத்திருந்தேன். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். இத்தனை பேர் விலகினால் முடிவை யார் மதிப்பார்கள்? பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டேன். பயந்தவர்கள் ஐயோ என்கிறார்கள், கழட்டுங்க என்கிறார்கள், பல்லுப்போன கிழவர்கூட அம்மாவைக் கூப்பிடுகிறார். எழுத்துத் தமிழில் யாரும் அலறுவதில்லை.

அடுத்த சோதனைக்கு "விலகுகிறேன்" என்று வைத்தேன். அட்சரம் பிசகாமல் சொன்னால்தான் திறக்கும். நெறிமுறைக் குழுத் தலைவர், "நல்ல தமிழா வெச்சிருக்கீங்களே" என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவை நான்தான் சேர்த்தேன். அவள்மேல் எனக்கு உயிர்.

"பக்கத்துல இருப்பியாடா?" என்றாள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கந்தான் இருப்பேன்க்கா. அந்த வார்த்தையச் சொன்னா உடனே கழண்டுடும்."

சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடா, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

சுவர்கள் நெருங்கியதும் போதும் என்றாள். கழட்டுடா என்றாள். பிறகு வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நர்ஸ் கதவுக்கு ஓடினார். "சார், அவங்களுக்கு மூச்சு முட்டுது. திறந்துடலாம் சார்."

"வார்த்தை சொல்லலையே," என்று கதவை மறித்து நின்றேன்.

"விலகிக்கிறேன்டா" என்று ஒரு தடவை சொன்னாள். கருவிக்கு அது புரியாது. எனக்குப் புரிந்தது. சிறிது நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. பயம் அடங்கிவிட்டது என்று குறித்துக்கொண்டேன். அடங்கியது இதயம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

திறக்கவிடாமல் தடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையிலிருந்து ஒருவர்கூட விலகவில்லை. அக்காவும் முழுச் சம்மதத்தோடுதான் கடைசிவரை இருந்தாள்.