நிந்தவூரில் நிற்காத ரயில்

எங்கள் பக்கம் தண்டவாளமே கிடையாது. ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அதனால்தான் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில் பின் சீட்டுப் பேச்சைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

"கல்முனை ஸ்டேஷனுக்கு நேத்துத்தான் கூரை போட்டன் மச்சான்."

திரும்பினேன். சொன்னவரின் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் சிவப்பு ரயில் பெட்டி ஒன்று. கூட இருந்தவர் அதன் சக்கரத்தை நகத்தால் சுழற்றிப் பார்த்தார்.

"நிந்தவூர் வயலுக்கு என்ன போட்ட?"

"மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் அடிச்சிப் பலகையில ஒட்டினன். நடுவால லைன் போகுது."

என் பக்கத்திலிருந்த பெரியவரும் திரும்பிப் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ரயில் நிந்தவூர்ல நிக்குமா?"

"இல்ல காக்கா, இது எக்ஸ்பிரஸ். நேரா கல்முனைதான்."

"நிக்காத ரயில எங்கட வயலுக்குள்ளால என்னத்துக்கு உடுறீங்க?"

நிந்தவூர் வந்தது. பெரியவர் முறைத்துக்கொண்டே இறங்கிப் போனார். சக்கரத்தைச் சுழற்றியவர் ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், பலகையில நிந்தவூர்ப் பக்கம் எடம் இரிக்கா?"

"ரெண்டு விரல் அகலம் இரிக்கி."

"காணும். அதுல ஒரு ஸ்டேஷன் வை. இல்லாட்டி அந்த மனிசன் வந்து லைன்ல படுத்துருவாரு."