வலது பக்கக் கடைசிக் கட்டம்

— எழுதி வச்சுக்க, கனகா. கதைங்கிற சாமானை இன்னைக்குக் காலையில எட்டரை மணிக்கு நான் ஒழிச்சுட்டேன். எட்டுப் பக்கம். ஆரம்பம் கிடையாது, முடிவு கிடையாது. இனிமே காமிக்ஸ் எழுதுற எவனும் என்னைத் தாண்டித்தான் போகணும்.

— தாண்டுறது இருக்கட்டும், ஜோ. பதினொண்ணுக்கு வாரேன்னவன் ஒரு மணிக்கு வந்திருக்க. நாலு மணிக்கு காலேஜ் ஆண்டு மலருக்குப் படத்தைக் குடுக்கணும். என் கையில எட்டும் வெள்ளைத் தாளா இருக்கு. மொதப் பக்கத்துல என்ன வரையட்டும்?

— ஒருத்தன் சுவரைப் பாக்குறான்.

— ரெண்டாம் பக்கம்?

— பாத்துக்கிட்டே இருக்கான். ஆனா மொதல்ல இருந்த வெறுமை வேற, இப்ப இருக்கிற வெறுமை வேற.

— அந்த வேற வெறுமைக்கு மூக்கு எங்க, வாய் எங்கன்னு சொல்லுப்பா ராசா, வரையுறேன். ஆளுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும். அது கெடைக்காம ஏதாச்சும் குறுக்க நிக்கணும். அம்புட்டுத்தான் கேக்குறேன்.

— ச்சீ. ஆளுக்கு ஒண்ணு வேணுமாம். காய்கறிக் கடையா நடத்துறேன்? ஆசை, தடை, கடைசியில ஜெயிக்கிறது. ஹாஸ்டல்ல நேத்து மிஞ்சுன சாம்பார்ல தண்ணிய ஊத்தி இன்னைக்கும் கொதிக்க விடுறாங்கள்ல, அதேதான். நாத்தம் தாங்கல.

— சரி, வலது பக்கக் கடைசிக் கட்டத்துலயாவது ஒரு முடிச்சுப் போடு. அடுத்து என்னன்னு தெரியாட்டித்தான் படிக்கிறவன் தாளைத் திருப்புவான்.

— அது இன்னும் கேவலம். ஷேர் ஆட்டோவுக்கு ஆள் பிடிக்கிற வேலை. என்னைப் படிக்கிறவனுக்குத் தன்மானம் இருக்கு. செத்தாலும் அதைச் செய்ய மாட்டேன்.

— பேயாண்டி அண்ணே, ஜெராக்ஸ் மிஷினை நிப்பாட்டிட்டு இவன் எழுதுனதைக் கொஞ்சம் படிங்க.

— காப்பி எடுக்கையிலேயே படிச்சுட்டேன், பாப்பா. ஏன் தம்பி, அந்தாளு எப்ப எந்திரிப்பாரு?

— எந்திரிக்க மாட்டாருண்ணே.

— காலு ஏதும் முடியாதவரா?

— கேட்டியா ஜோ? அண்ணனுக்கே பாவமா இருக்கு. இங்க பாரு, இம்மானுவேல் ஒரு கதை குடுத்திருக்கான். தெப்பக்குளத்துல விழுந்த சைக்கிளை ஒருத்தன் எடுக்கப் போறான். சுமார்தான், ஆனா வரையலாம். நீ இப்பவே ஒண்ணு சொல்லலைன்னா மலர்ல அவன் பேருதான் வரும்.

— இம்மானுவேலா! 'திடீரென்று'ன்னு எழுதாம அவனுக்கு மூச்சே வராது. அவன் பேருக்குக் கீழ உன் படமா? குமட்டுது எனக்கு.

— எனக்கு உன் பையைப் பாத்தாத்தான் குமட்டுது. பேப்பரெல்லாம் எண்ணெய். என்னாடா இது?

— அதைக் கேக்காத. லேட்டானதே அதனாலதான். பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறுறப்ப பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி மடியில வச்சிருந்தேன். அரசரடி ஸ்டாப்பு தாண்டையில பாக்குறேன், சால்னா ஒழுகிப் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டிக்குப் போயிருச்சு. வெள்ளைப் பட்டு வேட்டி.

— ஐயையே.

— பொண்ணு பாக்கப் போறாரு. அவங்கம்மா முன் சீட்டுல, மடியில பூவும் பழமுமா. அவரு பாக்குறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிரலாம்னு நெனச்சேன். அந்த மனுசன் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. எச்சி வேற வடியுது. நான் அசைஞ்சா முழிச்சிருவாரு.

— மீசை உண்டா?

— உண்டு. முறுக்கி விட்டிருந்தாரு. நீ என்ன கிறுக்குற?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— ச்சீ, இதைப் போய் வரையாத கனகா. இது கதையே இல்ல, நடந்தது.

— தம்பி, எச்சி எந்தத் தோள்ல?

— இடது தோள்லண்ணே. நீங்களுமா? அந்தா காளவாசல், இந்தா விராட்டிபத்து. சால்னா அவருக்குப் பின்பக்கம் வரைக்கும் போயிருச்சு. அவரு சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே தூங்குறாரு.

— அப்புறம்?

— பதினொண்ணுக்கெல்லாம் நம்ம ஸ்டாப்பு புதுக்கோட்டை வந்துருச்சு. வேற வழியில்லாம எந்திரிச்சேன். அவரும் எந்திரிச்சாரு. அதே ஸ்டாப்பு! எறங்கி நின்னு தலையைச் சீவிக்கிட்டு, என் கையைப் பிடிச்சு, 'தம்பி, பின்னாடி ஏதும் அழுக்கு இருக்கா, பாத்துச் சொல்லுங்க'ன்னாரு.

— கடவுளே. நீ என்ன சொன்ன?

— ம்.

— என்னடா 'ம்'? பதினொண்ணுக்கு எறங்குனவன் ஒரு மணிக்கு வந்திருக்க. ரெண்டு மணி நேரம் எங்க போன?

— அவரு கேக்குற கட்டம் எந்தப் பக்கத்துல இருக்கு?

— மூணாம் பக்கத்துல. கடைசிக் கட்டம். ஏன்?

— மூணு வலது பக்கந்தானே?

— ஆமா.

— அப்ப தாளைத் திருப்பு. சொல்றேன்.